எட்டு

முதுகு சுவரில் முட்டியாயிற்று.
இதற்கு மேல் பின்வாங்க
செங்கல்லாகப் பிறந்திருக்க வேண்டும்.
ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில்
புரோனிஸ்வாவா தெரிகிறாள், அவள் கைத்தடி தெரியவில்லை.
லெஷெக்கின் தொப்பை தெரிகிறது, லெஷெக் இல்லை.
ஒன்பது எட்டில் முடிந்துவிடும் முற்றம்,
நாலு பக்கமும் நாலு மாடி,
நடுவில் குப்பைத்தொட்டி, ஒரு லைலாக் புதர்,
அண்ணாந்தால் கைக்குட்டை அளவு வானம்.
அக்டோபரில் எங்களைக் காலி செய்கிறது நகராட்சி.
பழுது பார்த்தபின் திரும்பி வரலாமாம்.
வாடகையைச் சொன்னார்கள்.
அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஆறுகளையெல்லாம் குழாயில் அடைத்துப் புதைத்த ஊருக்கு
இந்தப் பெயர்.
இதில் பதினாறு வருடமாக ட்ராம் ஓட்டுகிறேன்,
முன்கண்ணாடி அகலத்துக்குப் பழகிய கண்.

ஞாயிற்றுச் சந்தையில்
கார் பானெட்டின் மேல் கம்பளம் விரித்திருந்தான் ஸெனோன்,
கம்பளத்தின் மேல் லென்ஸ்கள்.
இருபது மில்லிமீட்டர், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஸ்வோத்தி.
கையில் வாங்கினேன், கனம் பார்த்தேன்,
முகர்ந்துகூடப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.
இருபத்துநாலு பாதி விலைதான்,
உள்ளே பூஞ்சை கோலம் போட்டிருந்தது.
முப்பத்தைந்து சுத்தமான கண்ணாடி, நாணயமான விலை.
ஆனால் அதில் புரோனிஸ்வாவாவுக்குக் கைத்தடி கிடைக்கும்,
மாடிப்படி கிடைக்காது.
"எவ்வளவு வைத்திருக்கிறாய்?"
"நூற்றைம்பது. அதில் ஃபிலிமும் வாங்க வேண்டும்."

கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி ஒன்றை எடுத்தான்.
இருபத்தெட்டு. ஜப்பானில் செய்தது,
செய்தவன் பேர் தேய்ந்துபோயிருந்தது.
இதழ்களில் எண்ணெய் கசிந்து
துளை எட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டதாம்.
திறக்காது. மூடாது.
"இருட்டில் உதவாது. பின்னணி கலங்காது.
பூனையின் மீசை மட்டும் தெளிவாக வரவேண்டுமென்றால்
இதை வாங்காதே."
எனக்குப் பூனை இல்லை.
எட்டாததையெல்லாம் கம்பளத்தில் விட்டுவிட்டு
எட்டை வாங்கி வந்தேன், தொண்ணூறுக்கு.

மாட்டிப் பார்த்தால் பட்டப்பகலிலும் உள்ளே அந்தி.
கண்ணை நம்பாமல் வளையத்தில் அளவு வைத்தேன்:
மூன்று மீட்டர்.
ஒன்றரை மீட்டரிலிருந்து
எதிர்ச் சுவரின் கடைசிச் செங்கல்வரை
எல்லாம் தெளிவு என்றது கணக்கு.
மஞ்சள் ஃபில்டர் போட்டேன், அந்தக் கைக்குட்டை வானத்துக்காக.
சுவரோடு ஒட்டி நின்றதில்
இரண்டு பக்கத்துக் குப்பைத்தொட்டியும் என் ஷூ முனையும் விழுந்தன.
ஆக, இத்தனை நாள் பின்னால் போகத் துடித்தவள்
இரண்டு எட்டு முன்னால் வைத்தேன்.
லெஷெக் மூச்சை இழுத்து நின்றான்.
முப்பத்தாறில் பதினொன்று அவர்களுக்குச் செலவானது.

குளியலறையில் கழுவினேன்.
மூன்றாம் மாடியின் பச்சைக் கதவும் சிவப்புக் கதவும்
ஒரே சாம்பல்.
அந்த நிறங்களுக்காகத்தான் இரண்டு குடும்பங்கள்
ஏழு வருடம் பேசிக்கொள்ளவில்லை.
ஓரத்தில் நின்ற லெஷெக் இரண்டு லெஷெக் அகலம்.
சுவர்கள் பின்னால் சாய்ந்து
யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்கின்றன.

இடது மேல் மூலையில், நாலாம் மாடி ஜன்னலில்
எள்ளளவில் ஏதோ வெள்ளை.
முதலில் தூசி என்று நினைத்தேன்.
பெருக்கியின் தலையைக் கூரைவரை ஏற்றினேன்.
விதோல்த்.
எல்லோரோடும் வழக்குப் போட்ட விதோல்த்,
கீழே வா என்று கதவைத் தட்டியபோது
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிய விதோல்த்.
தேய்த்த சட்டை. டை. படிய வாரிய தலை.
பதினொரு படத்திலும் நிற்கிறான்,
ஒன்பதாவதில் எட்டிப் பார்க்கிறான்.

அவனுடைய பிரதியைக் கதவிடுக்கில் தள்ளினேன்.
பாதி வழியில் நின்ற காகிதம்
பிறகு தானாக உள்ளே போனது.
ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோ அப்படியேதான்.

அறுபது கொடுத்தால் இதழ்களைத் துடைத்துத் தருகிறேன்,
பதினாறுவரை நகரும் என்கிறான் ஸெனோன்.
இருக்கட்டும் என்றேன்.
குளிர்காலம் வருகிறது, அறுபதுக்கு
வேறு வேலை இருக்கிறது.